சுடுகிறவனின் சங்கடம்: அமெரிக்க வானொலியின் கௌபாய் நாடகங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

கௌபாய் கதை என்றதும் நம் நினைவுக்கு வருவதெல்லாம் கண்ணுக்கான சங்கதிகள்தான். தொப்பி, குதிரை, புழுதி, இடுப்பில் தொங்கும் துப்பாக்கி. கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' (1972) வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்ததும் இந்தப் படிமம்தான். ஆனால் அமெரிக்காவில் இந்தக் கதை ஏறக்குறைய முப்பது வருஷம் வெறும் காதுக்காகவும் சொல்லப்பட்டிருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டி வருவதற்கு முன்பும், வந்த பிறகு சில வருஷங்களும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் குடும்பம் குடும்பமாக வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து இந்த நாடகங்களைக் கேட்டிருக்கிறார்கள்.

இவற்றை வெகுஜனக் குப்பை என்று ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம். அப்படிப் போக முடியாதபடி சில நாடகங்கள் நம்மைத் தடுக்கின்றன. 1950களில் வந்த சில தொடர்களில் கொல்வது ஒரு வெற்றியாக இல்லை, சுமையாக இருக்கிறது. சுட்டவன் தூங்க முடியாமல் கிடக்கிறான். காப்பாற்றப்பட்டவள் நன்றி சொல்வதில்லை. ஒரு வெகுஜன வடிவம், அதுவும் விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் வடிவம், அறச்சிக்கலை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டது ஏன்? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சிக்கலைப் படுகிற உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லாமல் போனது? இக்கட்டுரையின் அக்கறை இந்த இரண்டாவது கேள்விதான்.

2

முதலில் சிக்கலே இல்லாத கதையிலிருந்து தொடங்கலாம். 'லோன் ரேஞ்சர்' 1933இல் டெட்ராய்ட் நகரின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். நிலையத்தில் தொடங்கியது. நிலைய முதலாளி ஜார்ஜ் டிரெண்டில். எழுதியவர் ஃபிரான் ஸ்ட்ரைக்கர். பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த காலம். வங்கிகள் மூடிக்கொண்டிருந்தன, வேலை போய்க்கொண்டிருந்தது. அப்போது முகமூடி போட்ட ஒருவன் வெள்ளைக் குதிரையில் வருகிறான், ஏழைகளின் நிலத்தை மீட்டுத் தருகிறான், பேர்கூடச் சொல்லாமல் போய்விடுகிறான். அவனுக்கு ஒரு விதி உண்டு: கொல்வதற்காகச் சுடுவதில்லை. எதிராளியின் கையிலிருக்கும் துப்பாக்கியைத் தட்டிவிடுவதோடு சரி. குண்டு வெள்ளியால் ஆனது. கையில் ரத்தக்கறை படாத அறம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஆள் அவனல்ல, அவனுடைய தோழன் டோன்டோ. வானொலியில் தனியாக வருகிறவன் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்க முடியாது. பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் வேண்டும். தொடர் ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே இந்தத் தொழில்நுட்பத் தேவைக்காகச் சேர்க்கப்பட்டவன்தான் டோன்டோ என்ற பூர்வகுடி மனிதன். குரல் கொடுத்தவர் ஜான் டாட் என்ற வெள்ளைக்கார நடிகர். டோன்டோ பேசும் ஆங்கிலம் வினைச்சொல் முறிந்த, இலக்கணம் உதிர்ந்த ஆங்கிலம். சொந்த நிலம் போன ஒரு இனத்தைச் சேர்ந்தவன், அடுத்தவர் நிலத்தை மீட்டுக் கொடுக்கும் வெள்ளைக்காரனுக்கு ஏன் துணை போகிறான் என்ற கேள்வியைக் கதையாடல் ஒருபோதும் எழுப்புவதில்லை. நாயகன் பேசுவதற்காகவே படைக்கப்பட்டவனுக்குத் தன் கதையைப் பேச வாய்ப்பில்லை. வானொலியில் குரல் இல்லாதவன் இல்லாதவனே. டோன்டோவின் நிலைமை அதைவிட மோசம். அவனுக்குக் குரல் இருக்கிறது, ஆனால் அது அவனுடையது இல்லை.

3

1952 ஏப்ரல் 26ஆம் தேதி சி.பி.எஸ். வானொலியில் 'கன்ஸ்மோக்' தொடங்கியது. தயாரித்து இயக்கியவர் நார்மன் மெக்டானல். பெரும்பாலான கதைகளை எழுதியவர் ஜான் மெஸ்டன். இருவரும் திட்டமிட்டே லோன் ரேஞ்சருக்கு எதிர்த்திசையில் போனார்கள். இது பெரியவர்களுக்கான கதை என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். கான்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டி, 1870கள். மாட் டில்லன் என்ற அரசாங்க மார்ஷல். குரல் வில்லியம் கான்ராட். கனத்த, களைத்த குரல். இவனுக்கு முகமூடியும் இல்லை, வெள்ளிக் குண்டும் இல்லை. இவன் சுட்டால் ஆள் சாகிறான். தொடக்கத்தில் விளம்பரதாரர் இல்லாமலே ஒலிபரப்பானது. சிகரெட் கம்பெனி பிறகுதான் வந்தது. பிஸ்கட் விற்கவேண்டிய நாடகமாக இருந்திருந்தால் இந்த இருட்டு சாத்தியப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

காலத்தையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். 1950 ஜூனில் 'ரெட் சேனல்ஸ்' என்ற வெளியீடு வானொலி, தொலைக்காட்சித் துறையைச் சேர்ந்த 151 பேரைக் கம்யூனிஸ்ட் சார்புள்ளவர்கள் என்று பட்டியலிட்டது. அதே வருஷம் டிசம்பரில் சி.பி.எஸ். தன் ஊழியர்களிடம் விசுவாசப் பத்திரம் கேட்டு நிரப்பி வாங்கியது. நண்பனைக் காட்டிக்கொடுப்பதா, பிழைப்பை இழப்பதா என்பது கதையில் வரும் சிக்கலாக இல்லாமல் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்த சிக்கல். நேரடியாக எதையும் பேச முடியாத காலத்தில் எண்பது வருஷம் பின்னால் போய் ஒரு தூசிபடிந்த ஊரில் நின்று பேசுவது பாதுகாப்பாக இருந்திருக்கும். கன்ஸ்மோக் ஆசிரியர்கள் இப்படி யோசித்து உருவகக் கதை எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அச்சம் என்பது யோசித்து எழுதப்படுவதில்லை. அது பிரதிக்குள் கசிந்துவிடுகிறது.

முதல் கதையையே பாருங்கள். குற்றமற்ற ஒருவனைத் தூக்கில் போடத் துடிக்கும் கூட்டத்தை டில்லன் தனியாக நின்று தடுக்கிறான். உண்மையான கொலைகாரனோ, டில்லனை நாயகனாக வியந்து அவன் பின்னாலேயே சுற்றும் ஒரு சிறுவன். பின்னாளில் பில்லி த கிட் என்று பேர் வாங்கப்போகிறவன். கற்பனைதான். ஆனால் ஒரு தொடரின் முதல் கதையிலேயே நாயக வழிபாட்டின் மறுபக்கம் கொலை என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும்.

4

மூன்று கதைகளை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, 'கேபின்'. பனிப்புயலில் வழிதவறும் டில்லன் ஒரு குடிலுக்குள் ஒதுங்குகிறான். அங்கே இரண்டு ரவுடிகள் பெல் என்ற பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவளுடைய அப்பாவைக் கொன்றுவிட்டார்கள். அவளுக்கு என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. இடைவெளிகள் சொல்கின்றன. டில்லன் இருவரையும் கொன்று அவளை மீட்கிறான். வழக்கமான கதை என்றால் இங்கே முடிந்திருக்கும். இதில் ஆரம்பமே இங்கேதான். எல்லா ஆண்களும் இப்படியில்லை என்கிற மாதிரி டில்லன் ஆறுதல் சொல்கிறான். 'அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்' என்ற தொனியில் அவளிடமிருந்து ஓர் உலர்ந்த பதில். அவ்வளவுதான். சட்டம் வந்தது, இரண்டு பேரைச் சுட்டது, போகிறது. அவளுக்குத் திருப்பித் தருவதற்குச் சட்டத்தின் கையில் ஒன்றும் இல்லை.

இரண்டு, 'ஃபோட்டோகிராஃபர்'. கிழக்கத்திய நகரத்திலிருந்து ஒரு புகைப்படக்காரன் வருகிறான். பரபரப்பான படங்கள் வேண்டும் அவனுக்கு. ஊரில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் ஓர் அப்பாவிக் கிழவன் உச்சந்தலைத் தோல் உரிக்கப்பட்டுச் செத்துக்கிடக்கிறான். பூர்வகுடிகள் செய்த கொலைபோலத் தோற்றம். செய்தவன் புகைப்படக்காரன், ஒரு படத்துக்காக. மேற்கின் ரத்தத்தைப் பார்க்க ஆசைப்பட்ட கிழக்கின் கண், அந்த ரத்தத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. வாராவாரம் துப்பாக்கிச் சத்தம் கேட்பதற்காக வானொலி முன் உட்காரும் நேயரைப் பார்த்து மெஸ்டன் நீட்டிய விரல் இது.

மூன்று, 'பிளடி ஹேண்ட்ஸ்'. மூன்று கதைகளில் இதுதான் ஆழமானது. ஒரு கும்பலைப் பிடிக்கப்போன இடத்தில் டில்லன் சிலரைச் சுட்டுக் கொல்ல நேர்கிறது. உயிரோடு பிடிபட்டவன் அவனைக் கசாப்புக்காரன் என்ற மாதிரி ஏசுகிறான். அந்த வார்த்தை உள்ளே போய்த் தைத்துக்கொள்கிறது. டில்லன் பதவியை விட்டுவிடுகிறான். கிட்டியோடு வெளியே போகிறான், காற்று வாங்குகிறான், முதல் தடவையாக மனுஷன்போல இருக்கிறான். அதற்குள் அந்த ஆள் வெளியே வந்து ஒரு பெண்ணைக் கொன்றுவிடுகிறான். டில்லனைக் கூப்பிட செஸ்டர் வருகிறான். ஏன் நான், வேறு யாராவது போகக்கூடாதா என்று டில்லன் கேட்கிறான். யாராவது செய்துதானே ஆகவேண்டும், எங்களால் முடியாது, உங்களால் முடியும் என்பதுதான் செஸ்டர் சொல்லும் பதிலின் சாரம். டில்லன் மறுபடி துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான்.

இதே 1952இல் வெளிவந்த 'ஹை நூன்' திரைப்படத்தை இத்துடன் வைத்துப் பார்க்கலாம். அதன் திரைக்கதை ஆசிரியர் கார்ல் ஃபோர்மன் விசாரணைக் குழு முன் பேர் சொல்ல மறுத்து இங்கிலாந்து போனவர். அவருடைய மார்ஷல், ஊர் கைவிட்ட நிலையில் தனியாகச் சண்டை போட்டு ஜெயித்து, கடைசியில் பதவி வில்லையைக் கழற்றிப் புழுதியில் வீசிவிட்டுப் போகிறான். வானொலியின் மார்ஷலும் பதவியைக் கழற்றுகிறான், ஆனால் திரும்ப மாட்டிக்கொள்கிறான். அடுத்த சனிக்கிழமையும் நாடகம் உண்டல்லவா. தொடர் என்ற வடிவத்துக்குள் ராஜினாமாவுக்கு இடம் கிடையாது.

5

சரி, சங்கடப்படுகிறான். நல்ல மனுஷன்தான். இதில் நமக்கு என்ன ஆட்சேபணை?

சிக்கலின் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். சுடுவதா, சுடாமல் விட்டு இன்னொரு உயிர் போக விடுவதா? இரண்டு வாசல்தான். மூன்றாவது வாசல் கிடையாது. ஊர் கூடி இந்தப் பொறுப்பை ஏற்கலாமே என்ற யோசனை வந்தால், முதல் கதையில் பார்த்ததுபோல, ஊர் கூடுவது எப்போதும் தூக்குக் கயிற்றோடுதான். ஹை நூனில் ஊர் கோழை, கன்ஸ்மோக்கில் ஊர் வெறிபிடித்த கூட்டம். இரண்டிலும் மக்கள் என்றாலே ஆபத்து. எனவே தனி ஒருவனின் மனசாட்சி தவிர வேறு கதி இல்லை என்றாகிறது.

வரலாறு இப்படி இல்லை. நிஜமான டாட்ஜ் சிட்டியில் ஒழுங்கைப் பார்த்துக்கொண்டவர்கள் நகர மார்ஷலும் மாவட்ட ஷெரீஃபும். அவர்களை நியமித்ததும் தேர்ந்தெடுத்ததும் உள்ளூர்க்காரர்கள். அரசாங்க மார்ஷல் என்ற பதவி கான்சாஸ் முழுமைக்கும் ஒன்றுதான். ஊருக்குள் துப்பாக்கி எடுத்துவரக் கூடாது என்று நகர நிர்வாகமே தடை போட்டு, தெருவில் பலகையும் வைத்திருந்தது. வரலாற்றாசிரியர் ராபர்ட் டைக்ஸ்ட்ரா 1968இல் வெளியிட்ட ஆய்வில், 1876க்கும் 1885க்கும் இடையில் டாட்ஜ் சிட்டியில் நடந்த கொலைகளை எண்ணிப் பார்த்தார். வந்தது 15. ஊர் ரொம்பச் சின்னது, எனவே விகிதப்படி பார்த்தால் இது குறைவில்லை என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். இருக்கட்டும். வானொலி டில்லன் ஓரிரு வருஷத்தில் பார்த்த பிணங்களைக்கூட அந்த ஊர் பத்து வருஷத்தில் பார்க்கவில்லை. நகரசபைத் தீர்மானத்தால் சாதித்ததை நாடகம் ஒரு தனிமனிதனின் வலியாக மாற்றிவிட்டது.

இது பாதிதான். வால்டர் பெஞ்சமின் 1921இல் எழுதிய வன்முறை குறித்த கட்டுரையில் இரண்டு வன்முறைகளைப் பிரிக்கிறார். சட்டத்தை நிறுவும் வன்முறை ஒன்று. நிறுவிய சட்டத்தைக் காக்கும் வன்முறை இன்னொன்று. டில்லனின் சங்கடமெல்லாம் இரண்டாவதைப் பற்றியது. முதலாவது எங்கே போனது?

டாட்ஜ் சிட்டி 1872இல் ரயில் பாதையோடு சேர்ந்து முளைத்த ஊர். மாட்டு வியாபாரம் பிறகுதான் வந்தது. ஆரம்பத்தில் அதன் பிழைப்பு எருமைத் தோல். ஊரை ஒட்டி ஓடுவது ஆர்கன்சாஸ் ஆறு. 1867இல் கான்சாஸிலேயே மெடிசின் லாட்ஜ் என்ற இடத்தில் கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி, ஆற்றுக்குத் தெற்கே வேட்டையாடும் உரிமை கையோவா, கொமாஞ்சி, செயென், அரபஹோ உள்ளிட்ட இனங்களுக்கு உண்டு. வடக்கே மந்தைகளைத் தீர்த்துவிட்ட வேட்டைக்காரர்கள் 1873-74இல் டாட்ஜிலிருந்து கிளம்பி ஆற்றைத் தாண்டித் தெற்கே போனார்கள். தோல் ரயிலேறியது, உடல்கள் வெயிலில் அழுகின. எதிர்த்துச் சண்டை போட்டவர்களை 1874-75இல் ராணுவம் நசுக்கியது. தலைவர்கள் எனக் கருதப்பட்டவர்களை விலங்கிட்டு ஃபுளோரிடாவின் கோட்டைச் சிறைக்கு அனுப்பியது.

அதாவது அந்த ஊரில் தினம் தினம் ஒரு சட்டமீறல் நடந்தது. மீறப்பட்டது அமெரிக்க அரசே கையெழுத்திட்ட சட்டம். மீறியவர்கள் டாட்ஜ் சிட்டியின் கனவான்கள். அரசாங்க மார்ஷல் என்று ஒருவன் உண்மையாகவே அங்கே இருந்திருந்தால், அவன் போய் நிற்க வேண்டிய இடம் மதுக்கடை வாசல் அல்ல, ஆற்றங்கரை. அந்தக் கதையை வானொலி எழுதவில்லை. பூர்வகுடிகள்மீது வெள்ளையர் காட்டும் வெறுப்பைக் கண்டிக்கும் கதைகள் கன்ஸ்மோக்கில் உண்டு. அங்கும் அது ஏதோ ஒரு கெட்ட மனுஷனின் குணக்கேடாகத்தான் வருகிறது. ஊரின் அஸ்திவாரமாக வருவதில்லை. சுடுவதா வேண்டாமா என்று ஒன்பது வருஷம் தவித்த நாடகம், யாருடைய மண்ணில் நின்று தவிக்கிறோம் என்று கேட்கவில்லை.

இதே குழு 1956இல் 'ஃபோர்ட் லாரமி' என்ற தொடரும் செய்தது. ஒரு ராணுவ முகாமின் அன்றாடம்: களைப்பு, நோய், சம்பளம் போதாத சிப்பாய்கள். யதார்த்தம் கண்ணியமானதுதான். ஆனால் ஃபோர்ட் லாரமி என்ற பேரை லக்கோட்டா மக்களிடம் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு அது 1868 ஒப்பந்தத்தின் பேர். பிளாக் ஹில்ஸ் உங்களுக்கே என்று எழுதிக் கொடுத்து, 1874இல் தங்கம் கண்டதும் பிடுங்கிக்கொண்ட ஒப்பந்தம். 1980இல் அமெரிக்க உச்சநீதிமன்றமே அது முறைகேடான பறிப்பு என்று ஒப்புக்கொண்டு, 10 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தரச் சொன்னது. லக்கோட்டா மக்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். பணம் வேண்டாம், மலையைக் கொடு என்கிறார்கள். வறுமையில் உழலும் ஒரு சமூகம் கோடிக்கணக்கான பணத்தைத் தொடாமல் வைத்திருக்கிறதே, இதைவிட உக்கிரமான அறச்சிக்கல் எந்த நாடகத்தில் இருக்கிறது? அதற்கு நாடகம் இல்லை.

6

ஆக, சங்கடப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. டில்லன்தான் கதை சொல்லி. நேயர் அவன் மண்டைக்குள் உட்கார்ந்து கேட்கிறார். கிட்டிக்கு அந்த வசதி கிடையாது. அவள் மதுக்கடையில் வேலை பார்ப்பவள். அவள் பாலியல் தொழிலாளி என்பதை நாடகத்தில் ஒருநாளும் சொல்லாவிட்டாலும், தயாரிப்பாளர் மெக்டானல் பத்திரிகைப் பேட்டியில் மறைக்காமலே சொல்லியிருக்கிறார். டில்லனின் காயங்களுக்கு அவள் சாட்சி. அவளுடைய காயங்களுக்குச் சாட்சி இல்லை. டாக்டரைப் பாருங்கள். ஆரம்பகாலக் கதைகளில் அவர் பிணப்பரிசோதனைக் கட்டணத்தை நினைத்துச் சந்தோஷப்படுகிறவர். சாவில் கூலி வாங்குகிறவர்களில் அவர் ஒருவர்தான் அதை வாய்விட்டுச் சொல்கிறார் என்பதால், எனக்கு அவர்தான் அந்த ஊரின் நேர்மையான பாத்திரமாகத் தோன்றுகிறது.

விதிவிலக்குப்போல ஒன்று வந்தது. 1958இல் ஆன்டனி எல்லிஸ் உருவாக்கிய 'ஃபிரான்டியர் ஜென்டில்மேன்'. அதன் நாயகன் கெண்டல், லண்டன் டைம்ஸ் நிருபர். இவன் காவல்காரன் இல்லை, பார்வையாளன். தீர்ப்புச் சொல்லாமல் மனிதர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறான். நம் கவனத்துக்குரிய விஷயம், இவன் முன்பு இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவன் என்பது. ஒரு காலனியில் வாள் பிடித்த கை இன்னொரு காலனியில் பேனா பிடிக்கிறது. இரண்டுக்கும் இருக்கும் உறவை அவன் ஒரு வாரமாவது யோசித்திருந்தால் அது மகத்தான நாடகமாகியிருக்கும். ஒரு வருஷம்கூட முடியுமுன் தொடர் நின்றுபோனது.

7

வானொலி வெறும் விநியோகக் கருவியாக இருக்கிறது, அது பரிவர்த்தனைக் கருவியாக மாறவேண்டும், கேட்பவனையும் பேச வைக்கவேண்டும் என்று பிரெக்ட் 1932இல் வாதிட்டார். அமெரிக்க வானொலி அந்தப் பக்கமே போகவில்லை. ஆனாலும் கன்ஸ்மோக்கின் ஒலியமைப்பு ஒரு காரியம் செய்தது. மரப்பலகை நடைபாதையில் காலடி, குதிமுள் உரசல், தூரத்தில் நாய், பிறகு யாரும் பேசாத நீண்ட இடைவெளி. பதில் சொல்லப்படாத அந்த இடைவெளியில் நேயர் தன் பதிலைப் போட்டுக்கொள்ளலாம். பெல்லின் உலர்ந்த குரலுக்குப் பிறகு வரும் மௌனம் டில்லனுக்குச் சொந்தமானதில்லை.

1955 செப்டம்பரில் கன்ஸ்மோக் தொலைக்காட்சிக்குப் போனது. வானொலியில் குரல் கொடுத்த ஒருவரும் அந்தப் பாத்திரங்களுக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. பருமனான கான்ராடுக்குப் பதில் நெடிய, அழகான ஜேம்ஸ் ஆர்னஸ். கிட்டி நாளடைவில் மரியாதைப்பட்ட மதுக்கடை முதலாளியானாள். தொலைக்காட்சித் தொடர் இருபது வருஷம் ஓடி 1975இல் முடிந்தது. வானொலித் தொடர் 1961 ஜூன் 18ஆம் தேதியோடு நின்றது. அறச்சிக்கல் என்ற சரக்கு மட்டும் தங்கிவிட்டது. துப்பாக்கி ஏந்தியவனின் மனவேதனை இன்று உலகம் பூராவும் கதைகளுக்கு நல்ல மூலதனம். அந்த வேதனை பொய் என்று சொல்லத் தேவையில்லை. 'பிளடி ஹேண்ட்ஸ்' கேட்கிறவர்கள் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள். சுடுகிறவன் அழுகிறான் என்பது உண்மையாகவே இருக்கலாம். அவன் அழுகைச் சத்தத்தில் வேறு யாருடைய குரல் கேட்காமல் போகிறது என்பதுதான் கேள்வி. எழுதுகிறவர்களும் களத்தில் நிற்கிறவர்களும் இந்த நாடகங்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது டில்லனின் சிக்கலை அல்ல, செஸ்டரிடம் அவன் கேட்ட கேள்வியை. ஏன் நான்? இதையே ஆற்றங்கரையில் நின்று கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி வந்திருக்கும்.